அபு அருணின் மூத்த மகள்

11 மே 2025, ஞாயிறு

தறி லீவு. ஒரு வாரத் துணியையும் துவைத்துப் போட்டேன். அப்பா டிரைவராக இருக்கும் சவூதித் தோட்டத்தில் அவரோடு வேலை பார்க்கும் சங்கரபாண்டியன் மாமா லீவில் பாலவனத்தம் வந்திருக்கிறாராம். அப்பா கொடுத்துவிட்ட பையை நாளை கொண்டுவருகிறார். எனக்குப் பேரீச்சம்பழம் இருந்தால் போதும்.

12 மே

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். மறந்துவிடக் கூடாது.

நான் வழக்கம்போல அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மாமா காபியைக் குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "எங்க தங்கச்சி, மருமகனக் காணோம்?"

"எந்த மருமகன்ணே?"

"அதான், உங்க பையன் அருணு! மொதலாளி அவனுக்குத்தான குடுத்துவிட்டிருக்காரு." பையைப் பிரித்தார். கால்பந்து ஆடுகிற பூட்ஸ், எட்டாம் நம்பர். எங்கள் வீட்டில் அது சேருகிற கால் கிடையாது. நான் ஒருத்திதான் பிள்ளை.

மாமா சொல்லிக்கொண்டே போனார். அங்கே ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவ்வளவு மரியாதை இல்லையாம். மூத்த பையன் பேரைச் சேர்த்து 'அபு இன்னார்' என்பார்களாம். அபு என்றால் அப்பா. "மொதலாளியே அபு ஃபஹத்துதான். அவுக வீட்டம்மா உம்மு ஃபஹத். என் மகன் வீரபத்திரன் பேரு அவுக வாயில நுழையல, என்னைய அபு வீராவாக்கிட்டாங்க. மச்சான் அபு அருணு. நல்லமுத்துங்கற அவரு சொந்தப் பேரு எனக்கே மறந்துபோச்சுன்னா பாத்துக்கங்க."

பிறகு சொன்னார்: "போன வருசம் பத்தாவதுல நானூத்தி நாப்பத்தொண்ணு எடுத்தான்ல, மொதலாளி எல்லாருக்கும் இனிப்பு குடுத்தாரு."

441. அது என் மார்க்.

அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அவன் திருச்சுழிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருக்கான்ணே" என்றாள்.

13 மே

அம்மாவைக் கேட்டேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். அப்புறம், "நீ வயித்துல இருக்கும்போது வச்ச பேருடி அது. அங்க கேட்டப்ப வாயில வந்திருக்கும். விடு."

எப்படி விடுவது? தெருவில் எல்லாருக்கும் அவர் 'தீபா அப்பா'. அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள், அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த 'தீபா அப்பா'வை மதுரை ஏர்போர்ட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு ஏறியிருக்கிறார்.

"பொம்பளப் புள்ளைக்குப் பத்தாவது போதும், தறிக்குப் போகட்டும்" என்று போனில் சொன்னாரே — அன்றைக்கு வாயில் அந்த இனிப்பு இருந்ததா?

16 மே, வெள்ளி

அப்பா வீடியோவில் போன் பண்ணினார். அம்மாதான் பேசினாள், நான் தள்ளி நின்று பார்த்தேன். அவருக்குப் பின்னால் யாரோ "யா அபு அருண்" என்று கூப்பிட்டார்கள். என்ன வேகமாகத் திரும்பினார்!

20 மே

பூட்ஸை வாசற்படியில் வைத்தேன். அம்மா உள்ளே எடுத்து வைத்தாள். மறுபடி வாசலில் வைத்தேன்.

23 மே

ஒன்று தோன்றியிருக்கிறது. பக்ரீத் அன்று முதலாளி வீடியோவில் வந்து எல்லார் வீட்டுக்கும் வாழ்த்துச் சொல்வார். போன வருசமும் சொன்னார். நான்தான் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டேன்.

மொழிபெயர்க்கிற ஆப்பில் தமிழில் சொன்னேன். அது அரபியில் சொல்லிக் காட்டியது. கையில் எழுதிக்கொண்டேன்.

அன பின்தஹ் அல்கபீரா. மா இந்தஹ் வலத்.

நான் இவருடைய மூத்த மகள். இவருக்கு மகன் கிடையாது. ஒரே பிள்ளை என்றாலும், மூத்த பிள்ளை பேரைத்தானே அங்கே சேர்ப்பார்கள்.

28 மே

தறி ஓடும்போது சொல்லிப் பார்க்கிறேன். பாளையம்பட்டித் தறிக் கொட்டகையில் பத்துத் தறி அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற அனுசியா அக்காவுக்குக்கூடக் கேட்காது. "என்ன தீபா, வாய் முணுமுணுங்குது? சாமி பாட்டா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அப்பாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டால்? — அனுப்பட்டுமே. என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பினாரே.

6 ஜூன், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அங்கே இன்று பக்ரீத். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த முதலாளி கை காட்டிவிட்டு, "அருண்? அருண்?" என்றார். அம்மா "ஊருக்குப் போயிருக்கான்" என்று தமிழில் ஆரம்பித்தாள். நான் போனைப் பிடுங்கினேன். மார்க் ஷீட்டைக் காட்டினேன். அதில் என் பெயர் இங்கிலீஷில் இருக்கிறது, போட்டோவும் இருக்கிறது. பூட்ஸைத் தூக்கிக் காட்டினேன். அப்புறம் அந்த இரண்டு வரி.

தறிச் சத்தத்தில் பழகியதால் கத்தலாக வந்துவிட்டது. என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது.

முதலாளி அப்பாவைப் பார்த்தார். அப்பா சிரிக்கப் பார்த்தார். பல் மட்டும் தெரிந்தது. போன் கட்டாகிவிட்டது.

அம்மா முதுகில் ரெண்டு போட்டாள். "கடலு தாண்டிக் கெடக்குற மனுசனைச் சந்தி சிரிக்க வச்சிட்டியேடி பாவி!" வலிக்கவில்லை.

13 ஜூன், வெள்ளி

போன் வரவில்லை.

20 ஜூன், வெள்ளி

வரவில்லை. அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள். பயமாக இருக்கிறதா? இருக்கிறது. வருத்தமாக இருக்கிறதா? இல்லை. இல்லவே இல்லை.

29 ஜூன்

மாமா லீவு முடிந்து திரும்பிவிட்டார். அங்கிருந்து அம்மாவுக்கு வாய்ஸ் அனுப்பியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாள்.

"தங்கச்சி, பயப்படாதீக. வேலைக்கு ஒண்ணும் ஆகல. பொய் சொன்னதுல மொதலாளிக்கு ரொம்பக் கோவம். 'பிள்ளை உசிரோட இருக்கையில இல்லைன்னு ஆக்குவியா'ன்னு கேட்டாராம். பத்து நாளா மச்சானை எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடல, டிரைவருன்னுதான். இப்ப அபு தீபா. மொதலாளி வீட்டுச் சின்னப் பிள்ளைகூட அப்படித்தான் கூப்பிடுது. மத்த ஆளுக சிரிக்கிறாங்க. மச்சான் தலையக் குனிஞ்சுக்கிட்டே போறாரு."

மூன்று தடவை கேட்டேன்.

4 ஜூலை, வெள்ளி

போன் வந்தது. அம்மா என் கையில் திணித்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அப்பா இளைத்திருக்கிறார். கீழேயே பார்த்துக்கொண்டு கேட்டார்: "மொதலாளி கேக்குறாரு, நீ இப்ப என்ன படிக்கிறன்னு. என்னத்தா சொல்ல?"

"தறிக்குப் போறேன்னு சொல்லுங்க. யாரு அனுப்புனதுன்னும் சொல்லுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் தூரத்தில் ஒரு குரல்: "யா அபு தீபா!"

திரும்பினார். மெதுவாகத்தான். ஆனால் திரும்பினார்.

இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று போனை வைக்காமல் இருந்தேன்.