வேரோடு பிடுங்கிய புல்

புல்லுக்கட்டின் ஈரம் தோளில் காயாமலே வீடு வரும் என் அம்மாவுக்கு,

நாங்கள் கண்டெடுத்த புல், புது இனம் என்று போன வாரம் அச்சில் வந்துவிட்டது. கட்டுரை எழுதியவர்களில் மூன்றாவதாக என் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. நீ போன பிறகு மாட்டை விற்றுவிட்டோம். தொழுவத்தில் இப்போது தம்பியின் பைக் நிற்கிறது.

ராஜபாளையம் கல்லூரியில் தாவரவியல் சேர்ந்த அன்று கேட்டாயே: "ஏட்டி, புல்லப் பத்திப் படிக்கவா பஸ்ஸேறிப் போற? எங்கூட வரப்புக்கு வந்தா நானே சொல்லித் தாரேன்ல!" பக்கத்து வீட்டு அத்தையும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தப் படிப்புதான் என்னை ஆப்பிரிக்காவின் சாம்பியா வரை கொண்டுபோனது. நீர் கசியும் பாறைச் சரிவில் முழங்கால் உயரத்தில், ஊதாக் கதிரோடு நின்றது அந்தப் புல். எந்த நூலிலும் இது இல்லை என்றார் எங்கள் பேராசிரியை. எங்கு தேடியும் ஒன்பது தூர்தான். ஒன்றை எடுக்கச் சொன்னார். நான் தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுத்தேன். "அடியோட அறுக்காத, மறுக்கா வரணும்ல" என்று வரப்பில் நீ பழக்கிய கை அது.

முகாமில், நான் புல்லைச் சுற்றிவந்த தாளைப் பிரித்த பேராசிரியை, "வேரு எங்கம்மா? மாட்டுக்கா அறுத்துட்டு வந்த?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடிப்பாகம் இல்லாமல் புது இனம் என்று நிறுவ முடியாது. மறுநாள் மதியம் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

எப்போதும் பின்னால் நிற்கும் நான், "விடிஞ்சதும் நானே போய் எடுத்துட்டு வாரேன் மேடம்" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

அறுத்த தூரில் ஒரே இரவில் நகக்கண் அளவு பச்சை எட்டிப் பார்த்திருந்தது அம்மா. அதைப் பார்த்த பிறகும் பிடுங்கினேன். அடியில் சின்ன வெங்காயம்போல ஒரு வீக்கம், மேலே பஞ்சாய் மயிர். இதன் உறவுப் புற்கள் எதற்கும் அது கிடையாது. அந்த வீக்கத்தால்தான் இதற்கு ஒரு பெயர் கிடைத்தது.

நீ இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாயா? இல்லை, "இருந்ததே அம்புட்டுத்தான், அதுலயும் ஒண்ணப் பிடுங்கிட்டியா?" என்றிருப்பாயா?

வரும் மழைக்காலத்தில் மறுபடி போகிறேன். இந்த முறை கத்தி கொண்டுபோகவில்லை. மீதி எட்டும் நிற்கின்றனவா, விதை விழுந்து நான் விட்டுவந்த குழியில் ஏதும் முளைத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். குழி வெறுமையாக இருந்தாலும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

உன் மூத்த மகள்,
பேச்சியம்மாள்