இசக்கியம்மாளின் உழைப்பு என் பெயரில் ஏறியது குறித்து

அனுப்புநர்:
மெகராஜ் பேகம்,
க/பெ நைனா முகமது,
பள்ளிவாசல் தெரு,
செட்டியார்பட்டி,
இராஜபாளையம் வட்டம்.

பெறுநர்:
தொழிலாளர் ஆய்வாளர் அவர்கள்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

பொருள்: நூல் மில்லில் கம்ப்யூட்டர் கணக்கைக் காட்டி இசக்கியம்மாள் என்பவரை வேலைநீக்கம் செய்ய இருப்பதைத் தடுத்து, கணக்கெடுக்கும் முறையைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இராஜபாளையத்தில் ஒரு தனியார் நூல் மில்லில், நூல் நூற்கும் பகுதியில் வேலை பார்க்கிறேன். எனக்கு அடுத்த மிஷினைப் பார்த்துவந்தவர் மம்சாபுரம் இசக்கியம்மாள். அவர் சரியாக வேலை செய்யவில்லை என்று நிர்வாகம் சஸ்பெண்ட் செய்திருக்கிறது. ஆண்டாள் கோயில் தேர் முடிந்து வரும் திங்கட்கிழமை விசாரணை. அன்றோடு அவர் வேலை போய்விடும் என்று மில்லில் பேசிக்கொள்கிறார்கள். அவர் வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். அவருக்குக் கொடுத்த குற்றச்சாட்டுக் கடிதத்தில் என் பெயர் இருக்கிறது. அதே பஞ்சு, அதே மாதிரி மிஷின், பக்கத்தில் நிற்கும் மெகராஜ் பேகத்தால் முடிகிறதே, உங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். என்னால் முடியவில்லை ஐயா. அதைச் சொல்லத்தான் இந்த மனு.

2. எங்கள் பகுதியில் ஆளுக்கொரு மிஷின் என்பது பெயருக்குத்தான். இழை எங்கே அறுந்தாலும், கை ஓய்ந்திருப்பவர் ஓடிப்போய்ச் சேர்த்துவிடுவது எங்கள் வழக்கம். என் மிஷின் மேற்கு வாசலை ஒட்டி நிற்கிறது. சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும் அங்கே ஈரம் நிற்காது, இழை சடசடவென்று அறும். இசக்கியம்மாளுக்குக் கை வேகம். தன் மிஷினை அப்படியே விட்டுவிட்டு என் மிஷினுக்கு வந்துவிடுவார். உங்கள் மிஷினைப் பாருங்கள் என்று ஒருநாள் நானே சொன்னதற்கு, "அறுந்து கெடக்கதப் பாத்துக்கிட்டு எப்படி சும்மா நிக்க? உன் மிஷினு, என் மிஷினுன்னு பஞ்சுக்குத் தெரியுமாட்டி?" என்று கேட்டார்.

3. தை மாதம் கம்ப்யூட்டர் வந்தது. எந்த மிஷினில் இழை அறுந்தது, எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தது, எவ்வளவு நூல் இறங்கியது எல்லாம் ஆபீஸில் இருந்தபடியே தெரிகிறது. அதற்கு ஏ.சி. அறை, எங்களுக்குப் பஞ்சுத் தூசி. அதில் பொறாமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று கேட்டு இதை எழுதவில்லை. முன்பெல்லாம் மிஷினில் கோளாறு என்றால் மெக்கானிக்கைத் தேடி கேன்டீன் வரை போக வேண்டும். இப்போது அவரே ஓடி வருகிறார். உற்பத்தி உண்மையிலேயே கூடியது. கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, இதனால் ஒவ்வொரு தொழிலாளியின் திறனும் உயரும், நாடும் முன்னேறும் என்றார். நாடு முன்னேறினால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு மிஷின் தெரிகிறதே தவிர, அதில் வேலை செய்வது யார் கை என்று தெரியவில்லை. இசக்கியம்மாள் என் மிஷினில் சேர்த்த இழையெல்லாம் என் பெயரில் ஏறியது. அந்நேரம் அவர் மிஷினில் அறுந்து கிடந்ததெல்லாம் அவர் தலையில் விழுந்தது.

4. ஆனியில் என்னைச் சிறந்த தொழிலாளி என்று மேடையேற்றி எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். அப்போதே மேஸ்திரி பால்சாமி அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். "கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாம்மா? குடத்த வாங்கிட்டுப் பேசாம போ" என்றார். எங்களோடு நின்று வேலை பார்த்தவர், இசக்கியம்மாள் ஓடுவதைத் தினமும் பார்த்தவர் அவர். எனக்கு ஆத்திரமாக வந்தது.

5. இப்போது இசக்கியம்மாளின் மிஷினுக்குப் புதிய பெண் வந்திருக்கிறாள். தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு அவள் வேலை முக்கியம். நாங்களும் அப்படித்தான் ஆகிவிட்டோம். பக்கத்து மிஷினில் இழை அறுந்து தொங்கினால் தலையைத் திருப்பிக்கொள்கிறோம். ஆளாளுக்குத் தங்கள் மிஷினைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம், ஆனால் வரிசையின் மொத்த நூல் குறைந்துவிட்டது. என் மிஷினில்தான் அதிகக் குறைவு. குடம் வாங்கிய தெம்பில் மெகராஜ் அசந்துவிட்டாள் என்று ஆபீஸில் பேச்சு. நான் பத்தாவதோடு நின்றவள், பொருளாதாரம் படித்ததில்லை. ஆனாலும் யோசித்துப் பார்க்கிறேன். ஆள் ஆளாகப் பிரித்து எடைபோட்டால் வேலை பெருகும் என்று நினைக்கிறார்கள். எங்கள் நூலில் பாதி, ஒரு மிஷினுக்கும் அடுத்த மிஷினுக்கும் நடுவே ஓடி ஓடி உண்டானது. அந்த இடத்துக்குக் கணக்கே இல்லை.

6. எனவே தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். விசாரணையைத் தள்ளிவைத்து, இசக்கியம்மாளை மறுபடி அதே இடத்தில் நிறுத்தி, அவர் விருப்பப்படி ஓடவிட்டு, வரிசை முழுவதற்கும் சேர்த்து அதே கம்ப்யூட்டரில் கணக்கெடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். மொத்த நூல் கூடினால் அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்து, இனி வரிசைக்கே கணக்கு என்று வைக்கச் சொல்லுங்கள். கூடாவிட்டால் அவரோடு என்னையும் வெளியே அனுப்பட்டும். அப்போது எனக்கு வருத்தம் இருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் பெயரைச் சாட்சியாக வைத்து அவரை அனுப்பிவிட்டு, அந்தப் பெயரோடு அதே இடத்தில் நின்று வேலை பார்க்க என்னால் ஆகாது ஐயா.

இடம்: செட்டியார்பட்டி
நாள்: 12.8.1996

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
மெகராஜ் பேகம்