அடுத்த தவணைக்கு நான் சொல்லிக் கொடுத்த வசனம்

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, அந்த இருமல் விட்டு, நிம்மதியாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், இதை அவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. சனிக்கிழமையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று வாஷிங் மெஷினில் துணி போடாமல் சோப்புத்தூளை மட்டும் போட்டு ஓடவிட்டேன், அது முடிந்து மணி அடித்தபோதுதான் கூடையில் துணி அப்படியே இருப்பதைப் பார்த்தேன்.

சனிக்கிழமை அப்பாவின் ஆய்வு மையத்தில் பொதுக்குழு. அவருடைய இரண்டாவது தவணை முடிந்து, நம் குடைக்காரி இயக்குநர் ஆக வேண்டிய நாள். வெயிலோ மழையோ குடையோடு வந்து நிற்பாளே என்று நீ பேர் வைத்தாயே, அவள்தான், அப்பாவிடம் ஆராய்ச்சி முடித்து, இப்போது அங்கேயே துணை இயக்குநர். இந்தப் பதவிக்காகத்தான் வெளியூரில் வந்த பேராசிரியர் வேலையைக்கூட வேண்டாம் என்றாள். நான் அவளுக்கு ஒரு பூங்கொத்து வாங்கி, காகிதம் கசங்காமல் மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் உன் அத்தை. பல் கிளினிக்கை மூடிவிட்டு, கையில் மருந்து வாசனையோடு வந்திருந்தாள்.

பதவியை விட மறுக்கும் ஆட்சியாளர்களைப் பற்றிய இந்தப் படிப்புக்கு உன் அப்பா வந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கல்லூரியில் படிக்கும்போது ரேடியோவில் ஆப்பிரிக்க நாடு ஒன்றில் ஆட்சி கவிழ்ந்த செய்தியைக் கேட்டிருக்கிறார். விடுதலை வாங்கிக் கொடுத்த மனிதரையே ஏன் துப்பாக்கியோடு போய் இறக்க வேண்டிவந்தது என்று அன்றைக்கு மண்டைக்குள் புகுந்த கேள்விதான், இன்னும் வெளியே வரவில்லை. ஆராய்ச்சிக்காக அங்கே போய்த் தங்கினார், ஊரடங்கில் மாட்டிக்கொண்டு வீட்டுக்காரம்மாவின் சமையலறையில் பல நாள் படுத்திருந்தார். அந்த அம்மாள் சொன்னதைத்தான் முதல் புத்தகத்தின் முன்னுரையில் போட்டார். கெட்டவன் நாற்காலியில உட்கார்ந்தா எல்லாருமா சேர்ந்து எழுப்பிடலாம் தம்பி, நல்லவன் உட்கார்ந்துட்டாத்தான் எழுப்ப ஆள் கிடைக்காது என்றாராம். திரும்பி வந்து வேலை தேடினால், இதைப் படிச்சு யாருக்கு என்னப்பா லாபம் என்று கேட்டார்கள். மனிதர் சளைக்கவில்லை. அச்சகத்து மாடியில் இரண்டு அறை பிடித்து, உறுப்பினர் குறைகிறதென்று என்னையும் அத்தையையும் சேர்த்து, மையம் ஆரம்பித்தார். யாராக இருந்தாலும் இரண்டு தவணைதான், அதை மாற்ற வேண்டுமானால் இரண்டு கூட்டங்களில் நிறைவேற வேண்டும் என்று விதியை எழுதியவரும் அவரேதான். நாமளே நம்மளை நம்பக்கூடாதுமா என்று அன்றைக்குச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்ததே அந்த மாதிரிப் பேச்சுக்காகத்தான்.

அவர் எழுதும் விதம் உனக்குத் தெரியும். ஒரு அத்தியாயம் எழுதுவதற்கு முன்னால் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து அந்த ஆட்சியாளராகவே பேசிப் பார்ப்பார், மற்ற வேஷமெல்லாம் எனக்கு. துணி மடித்துக்கொண்டே நான் எத்தனையோ ஆட்சியைக் கவிழ்த்திருக்கிறேன், நீ சோபாவில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாய். போன மாதம் ஒரு சாயங்காலம், நீதான் துணைத்தலைவர், என்னைப் போகாதீங்கன்னு கெஞ்சு பார்க்கலாம் என்றார். புதுப் புத்தகம் போல என்று நானும் கெஞ்சினேன். இது ரொம்ப வழவழன்னு இருக்கு, கேட்கறவன் மறுக்க முடியாத மாதிரி ஒண்ணு சொல்லேன் என்றார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாதி வழியில பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கிப் போற டிரைவரை யாராவது நல்லவர்னு சொல்வாங்களா, நீங்க ஓய்வெடுக்கலாம், உங்களை நம்பி ஏறினவங்க எங்கே போறது என்றேன். பிரமாதம், பிரமாதம் என்று உடனே குறித்துக்கொண்டார். பேனா பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன்.

சனிக்கிழமை குடைக்காரி எழுந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று பூங்கொத்தை எடுத்துக்கொண்டு நானும் பாதி எழுந்துவிட்டேன். அவள் தாளை விரித்து, இரண்டு தவணை விதியை நீக்க வேண்டும் என்று முன்மொழிந்தாள். அப்புறம் படித்தாள், பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிப் போகிற டிரைவரை... ஹாலில் துணி மடித்துக்கொண்டு நான் சொன்ன வார்த்தை, அந்தப் பெண்ணின் வாயிலிருந்து, அவளுக்கே குழி தோண்டிக்கொண்டு வருகிறது. அப்பா மேடையில் தலையைக் குனிந்து, ஐயோ வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டினார். அந்த ஆட்டலும் எனக்குத் தெரியும், வேண்டாம் வேண்டாம் என்றே நாற்காலியில் தங்கிவிடும் தலைவரைப் பற்றி அவர் புத்தகத்தில் வரும் ஐந்தாவது அத்தியாயத்துக்கு நாங்கள் ஒத்திகை பார்த்தது. மற்ற எல்லாரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன். அத்தைதான் என் காதருகே வந்து, அண்ணி, ஆடுற பல்லை நாக்கால தள்ளித் தள்ளிப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க, பிடுங்கலாமான்னா மட்டும் வாயை இறுக்கி மூடிப்பாங்க, அண்ணனும் அந்தக் கேஸ்தான் என்றாள். அவளும் கை தூக்கவில்லை.

பிறகு கை கழுவும் இடத்தில் குடைக்காரியைப் பார்த்தேன். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். சார் கொடுத்த தாளைத்தான் படிச்சேன் மேடம், நீயே சொன்னாத்தான் கௌரவமா இருக்கும்னார், அவர்கிட்ட எப்படி மாட்டேன்னு சொல்றது என்றாள். அந்த வசனம் என்னுடையது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பூங்கொத்தை அவள் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன். எதுக்கு மேடம் இது என்று பின்னாலிருந்து கேட்டாள்.

வீட்டில் அப்பா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். இது உங்க அஞ்சாவது அத்தியாயம் இல்லையா என்று கேட்டேன். தட்டிலிருந்து நிமிராமல், அது நாடு, இது ரெண்டு ரூம், நாலு பீரோ, ஒரு கெட்டில், எதை எதோட முடிச்சுப் போடறே என்றார். ரெண்டு ரூமைக்கூட விட முடியலையே என்றேன். அதுக்கு அப்புறம் நான் யாரும்மா என்றார் மெல்ல. அந்தக் கேள்வியைத் தன் புத்தகங்களில் அவர் யார் வாயிலும் போட்டதில்லை. அதைக் கேட்டதும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது, அதிர்ச்சிதான் இன்னும் இறங்கவில்லை. இத்தனை வருஷம் அவர் யாரையெல்லாம் படித்தாரோ அவர்களும் இப்படித்தான் வீட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களோ, எதிரே என்னைப்போல் ஒருத்தி குழம்பு ஊற்றிக்கொண்டு நின்றிருப்பாளோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது கூட்டம் அடுத்த மாதம். அதில் நிறைவேறாவிட்டால் விதி பழையபடி நிற்கும், நாற்காலி குடைக்காரிக்கு. நேற்று சாயங்காலம் அப்பா ஹாலில் நடக்க ஆரம்பித்து, வாம்மா, இன்னொரு தடவை துணைத்தலைவர், அடுத்த கூட்டத்துக்கு என்றார். இனிமேல் நான் எதிர்க்கட்சி என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நடை நின்றுவிட்டது. அப்புறம் சொன்னேன், கூட்டத்தில் எழுந்து பேசப்போகிறேன், பஸ் டிரைவர் வசனம் என்னுடையது, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லப்போகிறேன். என்னை அவமானப்படுத்தறியா என்றார். இல்லீங்க, எழுப்பறேன் என்றேன். போய்ப் படுத்துவிட்டார். இன்று காலையில் காபி குடிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் எனக்கும் ஒரு டம்ளர் கலந்து வைத்திருந்தார்.

நீ கவலைப்பட்டுக்கொண்டு படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. வெந்நீர் குடி, ஈரத்தலையோடு வெளியே போகாதே, எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டு, எல்லாரும் விடமாட்டேங்கறாங்கடா செல்லம் என்று சொல்வார். நீ என்ன சொல்வாயோ தெரியாது, அது உன் இஷ்டம். வாழ்த்துகள் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
எதிர்க்கட்சிக்கு மாறிய உன் அம்மா