டூட்டிங்கில் வாசித்த இரண்டு புத்தகங்கள்

டூட்டிங், லண்டன்
18.11.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோவு குறைந்ததா? நான் நல்ல சுகம்.

என்ன வாசிக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். லைப்ரரியில் இரண்டு புத்தகம் எடுத்தேன். ஒன்று, ஒரு ட்ரம்பெட் கலைஞரின் வாழ்க்கை வரலாறு. எந்த ஊரில் வாசிக்கப் போனாலும் தாய்க்கு எழுதும் கடிதத்தை, "வடிவாய்ச் சாப்பிடுகிறேன் அம்மா" என்றுதான் முடிப்பாராம். பாதி நாள் பட்டினியாம்.

மற்றது நாவல். அமெரிக்காவில் ஆமிஷ் என்றொரு கிறிஸ்தவக் கூட்டம். குதிரை வண்டி, கிணறு, மண்ணெண்ணெய் விளக்கு. சண்டைக்காலத்தில் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எனக்கு அதில் ஒன்றும் புதுமையாய்ப் படவில்லை. கடையில் என்னோடு வேலை செய்யும் ரஜனி அக்காவிடம், "பாவம், எங்களுக்குப் போட்ட மாதிரி அவைக்கும் ஆரோ பொருளாதாரத் தடை போட்டிருக்கினம்" என்றேன்.

"தடையும் இல்லை, ஒண்டும் இல்லையடா! கரண்ட் இருக்குது. அவைதான் வேண்டாமெண்டு விட்டிருக்கினம்."

அக்கா சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் அந்த நாவலில் வரும் சமையலறை! பக்கத்துக்குப் பக்கம் ஒரு தாய் மா குழைத்துப் பாண் சுடுகிறாள். பஸ்ஸில் அதை வாசித்துக்கொண்டிருந்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

தை மாதம் ரஜனி அக்கா ஊருக்கு வருகிறார். இரண்டையும் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். முதலில் நாவலை வாசியுங்கோ. அக்காவிடம் நீங்கள் இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்துவிடுங்கோ. சோறு குழையாமல் இருக்க எவ்வளவு தண்ணீர் விடுவது என்றும் எழுதுங்கோ.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வடிவாய்ச் சாப்பிடுகிறேன் அம்மா.

உங்கள் மகன்,
லதீசன்