மூன்று மீட்டரும் நாலு விரலும்

பண்டமாரான், கிள்ளான்

அன்பு மகன் அய்மனுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் வாப்பாவும் உன் தங்கை ஷிரீனும் சுகமாக இருக்கிறோம், நகோயா குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். வாப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் ஏணியில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, கடையில் மேல் தட்டுத் துணியைத் தானே எடுத்துக் கொடுத்தால்தான் அவருக்கு வியாபாரம் செய்த மாதிரி இருக்கும். நீ சொன்னால் கேட்பார், அடுத்த முறை ஃபோன் செய்யும்போது கொஞ்சம் அதட்டு.

ஷிரீன் விஷயத்தில்தான் எங்களுக்குள் இழுபறி. உனக்குத் தெரியும், வீட்டில் வாய் ஓயாத பிள்ளை, பாலர் பள்ளியில் மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை, தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. டீச்சர் நல்ல மாதிரி, கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்றார். அன்றிலிருந்து நம் துணிக்கடைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம், நான்தான் டீச்சர். ஜனவரி வந்தால் முதலாம் ஆண்டு. அனுப்புவோம், போனால் தானாகப் பேசிவிடுவாள் என்கிறார் வாப்பா. வெளி ஆளைக் கண்டால் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளையை எப்படித் தனியே விட்டுவிட்டு வருவது, வீட்டிலேயே படிக்கவைக்க அனுமதி கேட்போம் என்கிறேன் நான். இதில் ஒரு வாரமாக எங்கள் இருவருக்கும் பேச்சு சரியில்லை, சமாதானம் செய்துவைக்க நீயும் பக்கத்தில் இல்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். வாப்பா சரக்கு எடுக்கக் கோலாலம்பூர் போயிருந்தார். காலையிலிருந்தே தூறல், தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. மேசையில் கறுப்புத் துணியை விரித்து டைலர் சாக்கால் எழுதச் சொன்னேன். அ எழுதினாள், அதற்கு வாலை நீட்டிப் பூனையாக்கினாள், துணியைப் பிடித்து ஒரு உதறு உதறியதும் பூனை வெள்ளைத் தூசியாகப் பறந்தது, அது எங்கே போகுது உம்மா என்றாள். நானும் அது போகிற வழியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பிறகு முன்னால் தொங்கும் துடோங் முக்காட்டுத் துணிகளுக்குள் நுழைந்து நிறம் படித்தாள். நீலத்துக்குள் நின்றால் முகம் நீலம், மஞ்சளுக்குள் போனால் மஞ்சள், இப்ப நான் என்ன கலர் பிள்ளை சொல்லுங்க என்று உள்ளேயிருந்தே கேட்பாள், நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன், சிரிப்பாள். மழைச் சத்தமும் புதுத்துணி வாசமும் அந்தச் சிரிப்பும் சேர்ந்து நேரம் போனதே தெரியவில்லை, இந்தப் பாடம் முடியவே வேண்டாம் என்று இருந்தது எனக்கு. கணக்கு மட்டும் வாப்பா பாணியில் வருகிறது. யாருக்கு அளந்தாலும் நாலு விரல் கூட விட்டு வெட்டுவாரே, அதையும் எண்ணிக்கையில் சேர்த்துவிட்டாள். முட்டையை எண்ணச் சொன்னால் ஆறு, அப்புறம் கொஞ்சம் என்கிறாள். ஆறோடு நிறுத்துடி என்றால், நிறுத்துனா வாங்குறவங்களுக்குப் பத்தாதே உம்மா என்று எனக்கே பாடம் சொல்கிறாள்.

மதியம் லுஹர் நேரத்தில் மழை வலுத்தது. படம் வரைந்துகொண்டிருந்தவளை முன்னால் விட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் தொழப் போனேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்போது கடைக்குள் ஒரு மலாய்ப் பெண்ணின் குரல், அடிக், மக் மானா என்று, பாப்பா உம்மா எங்கே என்று கேட்கிறது. இதோ ஓடி வந்து என் மடியில் விழப்போகிறாள் என்று இருந்தேன். வரவில்லை. பிறகு, மக் செம்பாயாங் என்று, உம்மா தொழுகிறார்கள் என்று, நம் ஷிரீனின் குரல். அந்தப் பெண் பாஜு உடுப்பு தைக்க மூன்று மீட்டர் நீலத்துணி வேண்டும் என்றாள், துணிக்கட்டை அந்தப் பெண்ணே இறக்கியிருக்கவேண்டும், மீட்டர் கோல் மேசையில் தட்டுப்படும் சத்தம் கேட்டது, சத்து, டுவா, தீகா என்று எண்ணிவிட்டு, லெபே சிகிட் என்று நம் பிள்ளை அந்தக் கொஞ்சத்தையும் கூட்டிச் சொன்னதும் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். கத்தரிக்கோல் நான் தொடக்கூடாது, மக் வருவாங்க என்றும் ஷிரீன் சொன்னாள். நான் எழுந்தால் அந்தக் குரல் நின்றுவிடும் என்று பயமாக இருந்தது அய்மன். கால் மரத்துப்போகும்வரை முசல்லா விரிப்பிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அழுகை முட்டியது, அதையும் சத்தமில்லாமல் அழுதேன். அப்புறம்தான் வந்து துணியை வெட்டிக்கொடுத்தேன்.

சாயந்திரம் கடையைச் சாத்தும்போது, இவ்வளவு நல்லாப் பேசுறியே, இனி ஸ்கூலுக்குப் போகலாம்லா என்றேன். பூட்டை என் கையில் கொடுத்துவிட்டு, நான் போயிட்டா நீங்க யாருகூட உம்மா பேசுவீங்க, நானாவும் இல்லையே என்று அண்ணன் உன்னையும் சேர்த்துக் கேட்டாள். அவள் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தது எனக்காக என்று அப்போதுதான் தெரிந்தது. பூட்டைப் போடவே வரவில்லை எனக்கு. நானாவுக்குக் கடிதம் எழுதுவேன், நானா பதில் எழுதுவான், அப்படிப் பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டேன். ஃபோனில் நீ எப்போதும் வேலைக்கு நடுவில் பேசுகிறாய், அவளும் அதைக் கவனித்துத்தான் இருக்கிறாள். வாப்பாவிடம் அன்றே சொன்னேன், ஜனவரியில் போகட்டும் என்று. ஜெயித்தவர் மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார், பொறுத்துக்கொண்டேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிம்மதியான உறக்கத்தையும் தரட்டும், போகிற வழியெல்லாம் காவலாக இருக்கட்டும். வெறும் நூடல்ஸோடு சாப்பாட்டை முடிக்காதே, வெள்ளிக்கிழமைத் தொழுகையை விடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, பள்ளி திறப்பதற்கு முன்னால் இதற்கு ஒரு பதில் எழுதிப் போடு, நாலு வரியானாலும் போதும், உன் கையெழுத்தில் இருக்கட்டும். உம்மாவுக்குப் பேச ஆள் இருக்கிறது என்று அவளிடம் காட்டவேண்டும்.

உன் உம்மா
முத்து பீவி