நாலாவது ஸ்க்ரூ

திங்கள், 8

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. என் ரேடியேட்டர் பட்டறையில் லோரி இரண்டு, டிராக்டர் ஒன்று. பீடோங்கிலிருந்து அலோர் ஸ்டார் வரை ஓடும் வண்டிகளில் பாதி என் கையால் தாகம் தீர்ந்தவை. மீதிப் பாதி நாளை வரும்.

பத்து மணிக்கு அக்கா மகள் யாழினி, போனில். "மாமா, கம்ப்யூட்டர் ஒழுகுது." ஐந்து நிமிடம் சிரித்தேன். பிறகுதான் நினைவு: அவள் பெட்டிக்குள் சூடு தணிக்கத் தண்ணீர் ஓடுகிறது. குழாய், சின்ன பம்பு, மேலே ஒரு ரேடியேட்டர். லோரி ரேடியேட்டர் போட்ட குட்டி.

புக்கிட் செலம்பாவ், அக்கா வீடு. ரேடியேட்டர் விளிம்பில் ஒரு நீலத் துளி, கீழே இருக்கும் கிராபிக்ஸ் கார்டில் விழத் தயாராக. நல்லவேளை, பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

வெள்ளி மாலைக்குள் அவள் இரண்டு நிமிடக் கார்ட்டூன் ஒன்று பினாங்குக் கம்பெனிக்குப் போக வேண்டும். பிடித்தால் வேலை. (எங்கள் மாநிலத்துக்கு வெள்ளி வார லீவு, பினாங்குக்கு இல்லை.) வரைந்ததெல்லாம் பென்டிரைவில் பத்திரம். அதைப் படமாக்கும் பலம் இந்த ஒரு பெட்டிக்குத்தான். புது ரேடியேட்டர் வர அடுத்த வாரமாகும்.

"நான்தான் ஏதோ தப்பா மாட்டிட்டேன் மாமா."

"நான் தொடாத ரேடியேட்டர் நிலாவுக்குப் போன வண்டியில மட்டும்தான்மா இருக்கு. கழட்டு, கொடு இப்படி."

இவ்வளவு மெல்லியதை வாழ்நாளில் தொட்டதில்லை. அவளிடம் சொல்லவில்லை.

செவ்வாய், 9

ஒரு வாயை அடைத்து, மறுவாயில் சைக்கிள் பம்பு. பட்டறைக் கம்ப்ரஸர் காற்று ஆகாது, ஒரு மூச்சில் பூரி மாதிரி உப்பிவிடும். வாளித் தண்ணீரில் முக்கினேன்.

லோரிக்கார முனியாண்டி எட்டிப் பார்த்தான். "அண்ணே, இது என்ன, பொம்மை லோரிக்கா? என் லோரி எப்ப லா?"

"இதுக்குள்ள ஒரு பொண்ணோட உத்தியோகம் இருக்கு. சும்மா இருடா."

குமிழி வந்தது. ஊசிமுனை ஓட்டை. எங்கே? மூலையில், விசிறி மாட்டும் நாலாவது ஸ்க்ரூ துளைக்கு நேர் கீழே.

அந்தத் துளையை எனக்குத் தெரியும்.

போன மாதம் அக்கா வீட்டில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடப் போனேன். பெட்டியில் விசிறி கடகடவென்றது. ஒரு ஸ்க்ரூவைக் காணோம். என் தகர டின்னிலிருந்து ஒன்று எடுத்து முறுக்கினேன். தடிமன் சரி, நீளம்தான் கூடுதல். "நீளமா இருந்தா நல்லா கவ்வும்" என்று பெருமை வேறு. கவ்வியது. உள்ளே செப்புக் குழாயைக் கவ்வியது. குத்திய ஸ்க்ரூவே ஒரு மாதம் ஓட்டையை அடைத்துக்கொண்டு இருந்து, ஆடி ஆடித் தளர்ந்ததும் ஒழுகியிருக்கிறது.

யாழினி ரேடியேட்டரோடு கழட்டிக் கொடுத்த நாலில் அந்த ஸ்க்ரூ மட்டும் இப்போது என் சட்டைப்பையில். யானை கனம்.

மதியம் யா. போன். "ஓட்டை எங்க மாமா?" "மூலையில." பொய்யில்லை. மூலைதான்.

புதன், 10

மழை. கூரைத் தகரம் காதைக் கிழித்தது.

செய்தவை: பெயிண்டைச் சுரண்டல். தகடு இரண்டை வளைத்தல். ஈயம் வைத்தல். ஏழு முறை உள்ளே கழுவல். சாமியை எத்தனை முறை கூப்பிட்டேன், கணக்கில்லை.

சூடு கொஞ்சம் கூடினால் பக்கத்து ஈயமும் உருகி மொத்தமும் பல்லிளிக்கும். பஸ் ரேடியேட்டரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு அடைத்த கை இது. இன்று ஈயத்தை மூன்று முறை வைத்து மூன்று முறை எடுத்தது. கடைசியில் மிளகளவு ஈயம் பிடித்தது. வாளியில் முக்கினேன். குமிழி இல்லை. சாப்பிட்டு வந்து மறுபடி முக்கினேன். இல்லை.

அக்கா போன். "தம்பி, அவ சோறே சாப்பிடல. நானே கெடுத்துட்டேன், நானே கெடுத்துட்டேன்னு ஒரே புலம்பல்."

"சரியாயிடும்க்கா." உடனே வைத்துவிட்டேன். ரேடியேட்டர் பற்றிய பயம் பாதி குறைந்தது. மற்ற பயம் இரண்டு மடங்கு.

வியாழன், 11

காலை ஏழுக்கே அக்கா வீடு. ரேடியேட்டரை மாட்டியாயிற்று. விசிறி பிறகு. பம்புக்கு மட்டும் கரண்டு, மற்றதற்கெல்லாம் இல்லை. மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ. நாற்பதாயிரம் முறை தொட்டுப் பார்த்திருப்பேன். ஒன்பது மணிக்கு ஒரு டிஷ்யூ ஈரம்! உயிர் போய் வந்தது. என் வியர்வை.

யா. என்னையே பார்த்தாள். "ஏன் மாமா இப்படிப் பயப்படுறீங்க? லோரிக்குக்கூட பயப்பட மாட்டீங்களே."

சொல்லியிருக்கலாம். "கரண்டுன்னா எனக்கு ஆகாதும்மா" என்றேன்.

பகல் ஒரு மணி. எல்லா டிஷ்யூவும் எலும்பாகக் காய்ந்திருந்தன. விசிறியை மாட்டி இப்போதே ஓட விட்டால்தான் நாளைக்குள் படம் முடியும். யா. ஒரு சின்ன பிளாஸ்டிக் பையைப் பிரித்தாள். உள்ளே நாலு புது ஸ்க்ரூ, குட்டை.

"நேத்து சுங்கை பட்டாணியில வாங்கினேன். இதைவிட நீளமா போட்டா குழாயைக் குத்தும்னு நெட்ல போட்டிருக்கான்." பையை மேசையில் வைத்து, "கழட்டும்போது எண்ணினேன் மாமா. நாலு இருந்துச்சு. திரும்பி வந்தது மூணு."

சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். "நான்தாம்மா. போன மாசம். நீ இல்ல."

குட்டையை நெட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரை என் கையில் வைத்தாள். "நாலையும் நீங்களே போடுங்க."

மூன்று போட்டேன். நாலாவதைத் துளைக்கு மேல் வைத்தேன், திரும்ப எடுத்துவிட்டேன். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று அடுப்படிக்கு வந்து இதை எழுதுகிறேன். டீ ஆறி ஆடை படர்ந்துவிட்டது. ஸ்க்ரூ உள்ளங்கையில், வியர்வையில்.

"மாமா!"

கூப்பிடுகிறாள். போய் நாலாவதையும் போடுகிறேன்.