ஏழாம் அத்தியாயத்தில் உன் அறை

என் செல்ல வாலுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நானாகவே நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அப்பா முக்கால் சுகம், மீதிக் கால் அவருடைய வலது கண். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, ஆனால் மூன்று வாரத்துக்கு எழுத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இடது கண் எப்போதுமே சொல்பேச்சு கேட்காதது, உனக்குத் தெரியும்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர் ஓய்வு பெற்றால் கொஞ்சம் தூங்குவார் என்று நினைத்தேன், எங்கே, நூலகத்துக்குப் போய் அரசியல்வாதிகள் எழுதிய புத்தகமாகப் பொறுக்கிக்கொண்டு வருகிறார். நாட்டை நடத்துவது எப்படி, வீட்டுப் பணத்தைப் பெருக்குவது எப்படி, இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. பதவியில் இருக்கும்போது வாயே திறக்காதவங்க பதவி போனதும் நானூறு பக்கம் பேசுறாங்களே என்று கிண்டல் செய்தேன், வண்டி ஓட்டும்போது பேசக்கூடாது, இறங்கினப்புறம்தான் பேசணும் என்று பதில் வந்தது. கண் இப்படி ஆனதால் இந்த மூன்று வாரமும் நான்தான் வாசித்துக் காட்டினேன். கம்பெனியில் காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டரைக்கு வந்து சேரும்போது, சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா மிஷின் இன்னும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும், அவர் கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் தயாராக இருப்பார், ஜன்னல் திரை மெல்ல உப்பும், அடங்கும். பேருந்துக் கட்டணக் கொள்கை என்று ஒரு அத்தியாயம், இந்தாளு ஒரு நாளாவது பஸ்ல நின்னுக்கிட்டு வந்திருப்பாரா என்று பொங்கிவிட்டார். பிடிக்காத வரி வந்தால் வாய் திறப்பதற்கு முன்னால் வலது கால் தானாகத் தரையில் பிரேக்கை மிதிக்கிறது, நானும் நிறுத்திவிடுவேன். பாதி நாள் எனக்கே கண் சொருகிவிடும், என் குரல் எங்கோ அடுத்த வீட்டில் கேட்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் அந்த அரைத் தூக்கத்தில், வீட்டுப் பணப் புத்தகம் எழுதிய முன்னாள் நிதி அமைச்சரே நம் வீட்டுக்குள் வந்துவிட்டார். செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டு ஒவ்வொரு அறையாகப் பார்த்தார், உன் அறைக்குள் போனார், உன் கட்டிலில் உட்கார்ந்தார், அப்புறம் வெளியே வரவே இல்லை. விழித்தால் புத்தகம் என் மடியில் கவிழ்ந்து கிடக்கிறது, அப்பா எழுப்பாமல் காத்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கனவு சும்மா வரவில்லை. போன மாசம் ஃபோனில் நீ, என் ரூமை எதுக்கும்மா பூட்டி வெச்சிருக்கீங்க, வாடகைக்கு விட்டுடுங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, நானும் சிரித்து வைத்தேன். அப்பாவோ கண் ஆஸ்பத்திரி நர்ஸிடமே பேச்சைப் போட்டுவிட்டார், அவள் வீடு தேடுகிறாளாம், ஒன்றாம் தேதி வருவதாகப் பேச்சு. அந்த வாரம் பார்த்து அமைச்சரின் ஏழாம் அத்தியாயம் வந்து தொலைத்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து முன்கூட்டியே படித்துவிட்டேன். ஆளில்லாத அறை வீண், பறந்துபோன பிள்ளைகள் பழைய கட்டிலுக்குத் திரும்புவதில்லை, பாசத்துக்காகப் பூட்டி வைப்பது நஷ்டம் என்று பட்டியல் போட்டு எழுதியிருக்கிறார் அந்தப் புண்ணியவான். இதை என் வாயால் எப்படி வாசிப்பேன்? அன்று மதியம் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நானாகவே சொல்ல ஆரம்பித்தேன். அரசாங்கம் பஞ்சத்துக்கென்று தானியத்தைக் கிடங்கில் வைக்கிறதே, அதுபோல ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை சும்மா இருக்க வேண்டும், தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் யாரையும் கேட்காமல் வந்து படுக்க இடம் இருக்க வேண்டும் என்று அமைச்சர் சொல்வதாக அளந்துவிட்டேன். எனக்கே ஆச்சரியம், அரைமணி நேரம் சொல்லியிருப்பேன். அப்பாவின் கால் ஒரு தடவைகூடப் பிரேக்கை மிதிக்கவில்லை. மறுநாள் நர்ஸிடம் ரூம் இல்லை என்று சொல்லிவிட்டார், முடிவெட்டுகிறவரிடம் உட்கார்ந்து, பெரிய மனுஷன் என்னமா எழுதியிருக்கார் என்று புகழ்ந்துவிட்டும் வந்தார்.

நேற்றோடு மூன்று வாரம் முடிந்தது. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வேலையாக ஏழாம் அத்தியாயத்தைத்தான் எடுத்தார். நான் சமையலறையில் கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்புறம் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்று, அன்னிக்கு அரைமணி நேரம் படிச்சியே, ஒரு பக்கம்கூடப் புரட்டுற சத்தம் கேக்கலை என்றார். தெரிஞ்சுதான் நர்ஸ்கிட்ட இல்லேன்னு சொன்னீங்களா என்று கேட்டேன். டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்துவிட்டு, உன் அறை ஜன்னல் கொண்டி ஆடுகிறது என்று திருப்புளி தேடப் போய்விட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

அதனால் நீ எனக்கு ஒன்று செய். வாடகைக்கு விடச் சொன்னாயே, அதை விளையாட்டுக்குச் சொன்னாயா, இல்லை இனி இந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வருவாயா, உள்ளதை எழுது. ஃபோனில் வேண்டாம், ஃபோனில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். வரமாட்டாய் என்றாலும் கோபமில்லை, அந்த நர்ஸ் இன்னும் இடம் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள், நல்ல பெண். தெரியாமல் காத்திருப்பதுதான் என்னால் முடியவில்லை.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நாலு பேர் மெச்ச நன்றாக இரு. முதுகு வலிக்குக் கண்ட மாத்திரையைப் போட்டுக்கொள்ளாதே. நூலகப் புத்தகத்தை வெள்ளிக்கிழமை திருப்ப வேண்டும், அதற்குள் அப்பாவுக்கு ஏழாம் அத்தியாயத்தை இன்னொரு தடவை வாசித்துக் காட்ட வேண்டுமாம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா